சூடில்லாத பலகை

ஸ்ஃபாக்ஸ்,
20 நவம்பர் 2022

என் அன்பு விதாத் அக்காவுக்கு,

சுந்துஸ் எழுதுகிறேன். மர்செயில் குளிர் தொடங்கியிருக்கும். கழுத்தை மூடிக்கொண்டு வெளியே போ. இங்கே எல்லோரும் நலம் என்று எழுதத்தான் ஆசை.

எதற்குக் காகிதத்தில் எழுதுகிறாள் என்று சிரிக்காதே. பள்ளி இறுதித் தேர்வு முடியும்வரை என் கைபேசி அப்பாவின் அலமாரியில் பூட்டிக் கிடக்கிறது. அம்மாவின் கைபேசியில் எழுதினால் நீ பதிலுக்குக் குரல் அனுப்புவாய். அதை அவள் பக்கத்து வீட்டு சையிதா அத்தைக்கும் போட்டுக் காட்டுவாள். ஞாயிற்றுக்கிழமைகளில் நீ படத்தில் வந்து பேசும்போது அவள் தோளுக்குப் பின்னால் நின்று தலையாட்டத்தான் என்னால் முடிகிறது. அதனால் எல்லோரும் படுத்த பிறகு சமையலறையில் உட்கார்ந்து எழுதுகிறேன். ஒவ்வொரு வரிக்கும் காதைத் தீட்டிக்கொண்டு எழுதுவதால் கையெழுத்து இப்படி இருக்கிறது. பதிலை என் தோழி குஃப்ரானின் அம்மா பள்ளிக்கு எதிரே வைத்திருக்கும் காகிதக் கடைக்கு அனுப்பு. முகவரி பின்பக்கம்.

விஷயம் இதுதான். அம்மா இதய மாத்திரைகளை நிறுத்திவிட்டாள்.

செப்டம்பரில் ஒரு மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. அப்பா ஊரெல்லாம் அலைந்தார். அது வரும்வரைக்கும் என் மகளின் மருந்தைக் குடிக்கிறேன் என்று அம்மா, நீ உன் ஆய்வில் எலிகளுக்குக் கொடுத்த ஆலிவ் இலையைக் காய்ச்ச ஆரம்பித்தாள். முதலில் அது வீட்டில் ஒரு வேடிக்கையாகத்தான் இருந்தது. "எலிக்கு அஞ்சு சொட்டுன்னா எனக்கு எவ்வளவு? நான் எத்தனை எலி எடை?" என்று கேட்டாள். "எரநூத்து முப்பது எலி. பெருநாள் அன்னிக்கு எரநூத்து நாப்பது" என்றார் அப்பா. நாங்கள் எல்லோரும் சிரித்தோம். மாத்திரை திரும்பக் கடைக்கு வந்தபோது அவள் வேண்டாம் என்றாள். அக்டோபரில் மற்ற மாத்திரைகளையும் விட்டுவிட்டாள். யாரும் சிரிக்கவில்லை.

நேற்று மதியம் அப்பா டப்பாவை அவள் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"இதை முழுங்கு. அப்புறம் உன் கஷாயத்தைக் குடி."

"எதுக்கு ரெண்டும்? விதாத்தோட எலிங்க ரெண்டும் சாப்பிட்டுச்சா?"

"எலி வேற, நீ வேற."

"இருபத்தி நாலு வருஷமா எலியோட இதயமும் மனுஷனோட இதயமும் ஒண்ணுதான்னு சொல்லித்தானே முன்ஜி நீ சம்பளம் வாங்குறே. இப்ப வேறயா? அந்த ஸ்கேன் மெஷினைப் பிடிச்ச கை உன் கைதான். சாகப்போற எலியோட இதயம் எழுந்து குதிச்சதை நீ பார்த்தியா, இல்லியா? அதைச் சொல்லு, போதும்."

அப்பா பார்த்தேன் என்றும் சொல்லவில்லை, பார்க்கவில்லை என்றும் சொல்லவில்லை. ரொட்டியைக் கிள்ளித் தட்டின் ஓரத்தில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தார். பிறகு எழுந்து போய்விட்டார். எனக்கு அந்த முகம் பிடிக்கவில்லை அக்கா.

இன்னொன்றும் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் அப்பாவின் எலிக்கூடத்தில் உன் சோதனையை மாஹிர் என்ற புது மாணவன் திரும்பச் செய்கிறான். வசந்தத்தில் வந்த புது மெஷினில் பார்த்தால், இலைச்சாறு குடித்த எலிக்கும் குடிக்காத எலிக்கும் வித்தியாசமே தெரியவில்லையாம். இதைச் சொன்ன அன்று அப்பா சாப்பிடாமல் படுத்தார்.

அம்மா இப்போது மூன்று தலையணை வைத்துத் தூங்குகிறாள். ஞாயிறன்று நீ பேசும்போது மாத்திரையைச் சாப்பிடச் சொல். நீ சொன்னால் கேட்பாள்.

உன் தங்கை,
சுந்துஸ்


மர்செய்,
4 டிசம்பர் 2022

என் குட்டிச் சுந்துஸுக்கு முத்தங்கள்,

உன் கடிதத்தைப் பார்த்ததும் முதலில் பயந்தேன். உறையில் உன் கையெழுத்து, உள்ளே கணக்கு நோட்டிலிருந்து கிழித்த தாள். நீ யாரையோ காதலிக்கிறாய், அதை ஒப்புக்கொள்ள எழுதியிருக்கிறாய் என்று நினைத்தேன். அப்படியே இருந்திருக்கலாம்.

அம்மாவிடம் கட்டாயம் பேசுகிறேன். இலை அவளுக்குக் கெடுதல் செய்யாது, ஆனால் மாத்திரையை விடக் கூடாது. அப்பா எதற்கு மௌனமாக இருந்தார் என்று யோசித்துக்கொண்டிருக்காதே. அவருக்கு அம்மாவிடம் வாய் கொடுத்து என்றைக்கு ஜெயிக்க முடிந்திருக்கிறது?

மாஹிர் விஷயம் சாதாரணம். ஒருவர் செய்ததை இன்னொருவர் செய்தால் முதல் தடவை வராது. கை பழக வேண்டும். எலியின் நெஞ்சில் அந்த ஸ்கேன் முனையை ஒரு நூல் சாய்த்துப் பிடித்தாலும் படம் மாறிவிடும். அப்பாவைப் போல யாருக்கு வரும்? இங்கே என் ஆய்வகத்தில் விலை உயர்ந்த மெஷின்கள் நான்கு இருக்கின்றன. அவர் கை இல்லை.

மே மாதம் பதினொன்றாம் தேதி எனக்கு நேர்காணல். நிரந்தர வேலை, சுந்துஸ். நான்கு ஆண்டாக ஒவ்வொரு கோடையிலும் ஒப்பந்தம் முடிந்து, விசா முடிந்து, பெட்டியைக் கட்டி அவிழ்த்துக்கொண்டிருக்கிறேன். இது கிடைத்தால் அம்மாவை இங்கேயே அழைத்துவந்து நல்ல மருத்துவரிடம் காட்டுவேன். அந்த எலிகள்தான் என்னை இவ்வளவு தூரம் கொண்டுவந்தன. துஆ செய்.

இந்த வருஷம் ஆலிவ் எண்ணெய் எப்படி? ஒரு சொட்டாவது மிச்சம் வை.

உன் அக்கா,
விதாத்


ஸ்ஃபாக்ஸ்,
27 டிசம்பர் 2022

அன்பு அக்கா,

நீ பேசினாய். நான் பின்னால் நின்று கேட்டேன். "மாத்திரையும் சாப்பிடும்மா, ரெண்டும் நல்லது" என்றாய். அம்மா சிரித்துக்கொண்டே, "என் ஈரலே, உன் மருந்து மேல உனக்கே நம்பிக்கை இல்லாமப் போச்சா, இல்ல உன் அப்பன் சொல்லிக் கொடுத்தானா?" என்றாள். நீயும் சிரித்தாய். பேச்சு எண்ணெய்க்குப் போய்விட்டது.

இனி எழுதப்போவதை உட்கார்ந்து படி.

குளிர்கால விடுமுறையில் வீட்டில் படிக்க முடியவில்லை என்று சொல்லி வியாழக்கிழமை அப்பாவுடன் எலிக்கூடத்துக்குப் போனேன். உண்மையில் அவரைத் தனியாகப் பிடிக்கத்தான் போனேன். மாஹிர் வரவில்லை. அப்பா ஒரு எலியை மயக்கி, மூக்கில் வாயுக்கூம்பை மாட்டி, அடியில் சூடேறும் பலகையில் மல்லாக்கப் படுக்கவைத்தார். நான்கு பாதங்களையும் நான்கு தகடுகளில் ஒட்டினார். ஜெல்லைக் கையில் வைத்து ஊதிச் சூடாக்கிவிட்டு நெஞ்சில் தடவினார். நீ பார்த்துச் சலித்தது. நான் இவ்வளவு பக்கத்தில் பார்த்ததில்லை. திரையில் துடிப்பு, மூச்சு, உடல் சூடு என்று மூன்று எண்கள். அவற்றுக்குக் கீழே இதயத்தின் சுவர் அலை அலையாக ஏறி இறங்கியது.

"அம்மா கேட்டதுக்கு நீங்க ஏன் பதில் சொல்லலை?" என்று கேட்டேன்.

அவர் பலகையின் சூட்டை நிறுத்தினார். "எண்ணைப் பாத்துக்கிட்டே இரு" என்றார்.

அரை மணி நேரம் திரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். உடல் சூடு முப்பத்தேழிலிருந்து முப்பத்தாறு, முப்பத்தைந்து, முப்பத்துநான்குக்கு வந்தது. துடிப்பு முந்நூற்றெண்பதிலிருந்து இருநூற்றெழுபதுக்கு இறங்கியது. அலைகள் சோம்பிப் படுத்துக்கொண்டன. எனக்கு எலி செத்துவிடும் என்று பயமாக இருந்தது. பிறகு சூட்டைப் போட்டார். கொஞ்சம் கொஞ்சமாக எல்லாம் திரும்பி வந்தது.

"எந்த மருந்தும் குடுக்கலை. எழுந்து குதிக்குது, பாத்தியா?" என்றார்.

அப்புறம்தான் சொன்னார். அவர் சொன்னபடியே எழுதுகிறேன்.

"பழைய மெஷினுக்கு ரெண்டு பலகை. வலது பலகையில சூட்டுக் கம்பி போயிடுச்சு. மூணு தடவை எழுதிக் குடுத்தேன், யாரும் மாத்தலை. உன் அக்கா மருந்து குடிச்ச எலிங்க வந்தா இடது பலகையில போடுவேன். மத்ததை வலதுல போட்டு ஒரு வெந்நீர்ப் பையை வைப்பேன், அது எந்நேரம் சூடா இருக்கும்? வேணும்னு செய்யலைம்மா. விருந்தாளிக்கு நல்ல தட்டுல சோறு போடறதில்லையா, அந்த மாதிரி. என் பொண்ணோட எலிங்க. காலையில என் கையாலதான் ஒவ்வொண்ணுக்கும் மருந்து ஊத்துவேன். எது எதுன்னு எனக்கு முகமே தெரியும்."

"ஊத்துறவரே அளக்கலாமா?"

"கூடாது. வேற யாரு இருந்தா?"

புது மெஷினைப் பொருத்த வந்த பொறியாளர், முப்பத்தாறுக்குக் கீழே போன எலியை அளக்காதீர்கள், அந்த எண் பொய் சொல்லும் என்றாராம். அன்று இரவு அப்பா தன் பழைய நோட்டுகளை எடுத்துப் பார்த்திருக்கிறார். ஒவ்வொரு எலிக்கும் பலகை, சூடு, துடிப்பு எல்லாம் அதில் குறித்திருக்கிறது. உன் ஆய்வேட்டுக்கு நீ அந்தச் சூட்டு எண்களை எடுத்துக்கொள்ளவில்லை. மருந்து குடித்தவை முப்பத்தேழு, முப்பத்தேழு, முப்பத்தாறரை. குடிக்காதவை முப்பத்துநான்கு, முப்பத்துமூன்றரை, முப்பத்துநான்கு. மூன்று பக்கங்களைப் பார்த்து எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன்.

அம்மாவிடம் சொல்லுங்கள் என்று கெஞ்சினேன். "சொன்னா அவ மாத்திரை முழுங்குவா. ஆனா அன்னிக்கே ஊர் பூரா தெரியும். விதாத் ஏறி நிக்கிற ஏணிடி அது. நான் எப்படி உருவுறது?" என்றார். அவர் கண் கலங்கியதை நான் முதல்முறை பார்த்தேன். அதைப் பார்க்காமலே இருந்திருக்கலாம்.

நீ சொல் அக்கா. அம்மாவிடம் மட்டும் சொல். ஒரே ஒரு வாக்கியம்.

சுந்துஸ்


மர்செய்,
14 ஜனவரி 2023

சுந்துஸ்,

உன் மூன்று பக்கங்களையும் என் பழைய படங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தேன். நான்கு நாள் எடுத்தது. நீ எழுதியது சரி.

உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும். வேறு யாரிடமும் சொல்ல முடியாது. அந்தத் துடிப்பு எண் ஒவ்வொரு படத்தின் மூலையிலும் இருக்கும். முந்நூற்றெழுபது, இருநூற்றறுபது. நான் அன்றைக்கே பார்த்தேன். ஏன் இவ்வளவு இடைவெளி என்று ஒரு மாலை முழுக்க யோசித்தேன். அப்பாவிடம் கேட்க வேண்டும் என்று தோன்றியது. கேட்டால் என்ன பதில் வருமோ என்று கேட்கவில்லை. நோயுற்ற இதயம் மெதுவாகத்தான் துடிக்கும் என்று ஒரு வரி எழுதிச் சேர்த்தேன். ஆய்வேட்டில் எண்பத்துநான்காம் பக்கம். தேர்வாளர்கள் அதைக் கடந்து போய்விட்டார்கள். நானும் கடந்து போய்விட்டேன்.

மே பதினொன்றுவரை எனக்கு அவகாசம் கொடு. அம்மாவிடம் சொன்னால் அது அம்மாவோடு நிற்குமா? அவள் அழுவாள். சையிதா அத்தை ஏன் என்று கேட்பாள். அத்தையின் மருமகன் அப்பாவின் பல்கலைக்கழகத்தில்தான் எழுத்தராக இருக்கிறான். ஒரு வாரத்தில் அங்கே என் பழைய பேராசிரியையின் மேசைக்குப் போய்விடும். வேலை கிடைத்த பிறகு நானே எல்லாவற்றையும் எழுதித் திருத்துகிறேன். சத்தியம்.

இங்கிருந்து அதே மாத்திரைகளை வாங்கி அனுப்புகிறேன். பிரெஞ்சு மாத்திரை என்றால் மரியாதையாகச் சாப்பிடுவாள்.

இதைப் படித்ததும் எரித்துவிடு. அப்பாவை வெறுக்காதே.

விதாத்


ஸ்ஃபாக்ஸ்,
19 பிப்ரவரி 2023

அக்காவுக்கு,

மாத்திரைகள் வந்து சேர்ந்தன. அம்மா அவற்றைக் கண்ணாடி அலமாரியில், கல்யாணக் காப்பிக் கோப்பைகளுக்குப் பக்கத்தில் அடுக்கியிருக்கிறாள். வருகிறவர்களிடமெல்லாம், "என் பொண்ணு அனுப்பினது. எனக்குத் தேவையில்லை, ஆனா அனுப்பியிருக்கா பாருங்க" என்கிறாள். சையிதா அத்தைக்கும் இப்போது ஒரு புட்டி கஷாயம் போகிறது.

அவள் கணுக்கால் வீங்கியிருக்கிறது. விரலால் அழுத்தினால் குழி அப்படியே நிற்கிறது. அப்பா அவள் தூங்கும்போது மணிக்கட்டில் இரண்டு விரல் வைத்து எண்ணுகிறார். நான் பக்கத்துக் கட்டிலில் படுத்து மூச்சை எண்ணுகிறேன். ஒரு நிமிடத்துக்கு இருபத்தெட்டு. சில சமயம் நடுவில் நின்றுவிடும். நானும் மூச்சை நிறுத்திக்கொண்டு காத்திருப்பேன். இப்படித்தான் எங்கள் இரவு போகிறது.

உன்னிடம் கேட்காமல் நானே சொல்லிவிட்டேன். போன செவ்வாய்க்கிழமை. அவள் சட்டியில் இலையைப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அக்காவோட எலிங்க குணமாகலை. குளிர்ல கிடந்த எலிங்களோட வெச்சுப் பாத்ததால குணமான மாதிரி தெரிஞ்சுது."

"யாரு சொன்னா?"

அப்பா என்று வாயில் வரவில்லை. "நானே நோட்டுல பாத்தேன்" என்றேன்.

அவள் கோபப்பட்டிருந்தால் பரவாயில்லை. என் தலையைத் தடவினாள். "கணக்குல இருபதுக்குப் பதினொண்ணு வாங்கினவ நீ. அவ டாக்டர் பட்டம் வாங்கினவ. என் ஈரலே, உனக்கு அவ மேல சின்னதுலேர்ந்து ஒரு பொறாமை. நான் தப்பா நினைக்கலை. கூடப் பிறந்தவளுங்கன்னா அப்படித்தான்" என்றாள். நான் அழ ஆரம்பித்ததும் அதுதான் காரணம் என்று நினைத்துக் கட்டிக்கொண்டாள். அப்புறம் சொன்னாள்: "அவ வாயால ஒரு தடவை சொல்லட்டும். அன்னிக்கே இந்தச் சட்டியைக் கவுத்துடறேன்."

கேட்டாயா? உன் வாயால்.

அடுத்த மாதம் நோன்பு. இந்த வருஷம் முப்பதும் பிடிப்பேன், எனக்குத்தான் குணமாகிவிட்டதே என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். போன வருஷம் மருத்துவர் கூடாது என்றதும் கேட்டவள்.

எனக்குப் பயமாக இருக்கிறது.

சுந்துஸ்


மர்செய்,
8 மார்ச் 2023

சுந்துஸ் கண்ணு,

ஞாயிறன்று சொல்லத்தான் கூப்பிட்டேன். எழுதி வைத்துக்கொண்டு, குளியலறைக் கண்ணாடி முன்னால் சொல்லிக்கூடப் பார்த்தேன். படம் வந்ததும் அவள் கஷாயக் கோப்பையைத் தூக்கிக் காட்டி, "உன் கையால குடிக்கிற மாதிரியே இருக்கு" என்றாள். நீயும் பின்னால் நின்று என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். என் வாய் மூடிக்கொண்டது. இணைப்பு சரியில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன். இணைப்பு சரியாகத்தான் இருந்தது.

இன்னும் ஒன்பது வாரம். மே பதினொன்று முடிந்த மறுநாள் நான் விமானம் ஏறுகிறேன். பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு சொல்கிறேன். இதை யாரும் தொலைபேசியில் சொல்ல மாட்டார்கள். அதுவரை நீர் இறங்கும் மாத்திரையையாவது பொடித்து உணவில் கலந்து கொடுக்க முடியுமா பார். மருத்துவரைக் கூப்பிடுங்கள். நோன்பு பிடிக்க விடாதீர்கள்.

என்னை அப்படி நினைக்காதே.

விதாத்


ஸ்ஃபாக்ஸ்,
28 மார்ச் 2023

அக்கா,

இன்று ஆறாம் நோன்பு. அம்மா ஆறும் பிடித்திருக்கிறாள்.

நீ சொன்னபடி மாத்திரையைப் பொடித்து, விடியலுக்கு முந்திய சஹர் உணவில் கலந்தேன். கசக்கிறது என்று தட்டை ஒதுக்கிவிட்டு வெறும் கஷாயத்தைக் குடித்தாள். அப்பா மருத்துவரைக் கூட்டிவந்தார். அவர் முன்னால் எல்லா மாத்திரையையும் சாப்பிடுவதாகத் தலையாட்டினாள். அவர் போனதும், "ரமலான்ல ஒரு மனுஷனைப் பொய் சொல்ல வெச்சுட்டியே முன்ஜி" என்று அப்பாவைத் திட்டினாள்.

நேற்று மொட்டை மாடியில் துணி எடுக்கும்போது நான் அப்பாவிடம், இனியாவது சொல்லுங்கள் என்றேன். "மே வரட்டும்" என்றார். எந்த மே என்றேன். அவர் கொடியைப் பார்த்துக்கொண்டே சொல்லிவிட்டார். நீ எலிக்கூடத்துத் தொலைபேசியில் அவரைக் கூப்பிட்டுப் பேசியிருக்கிறாய். ஜனவரியிலேயே. எனக்கு எழுதிய அதே வாரம். நான் ஒருத்தி காகிதத்தில் கெஞ்சிக்கொண்டிருக்கிறேன், நீங்கள் இருவரும் தேதி வைத்துப் பேசி முடித்துவிட்டீர்கள்.

அம்மா இப்போது படுப்பதில்லை. சாய்ந்து உட்கார்ந்தபடி தூங்குகிறாள். மூச்சு முப்பத்துநான்கு.

இந்தக் கடிதம் உன்னிடம் வர பத்து நாள் ஆகும். எண்ணிப் பார்.

சுந்துஸ்


ஸ்ஃபாக்ஸ்,
19 ஏப்ரல் 2023

விதாத் அக்காவுக்கு,

திங்கட்கிழமை திரும்பிப் போக டாக்ஸியில் ஏறும்போது நீ என் காதருகே கேட்டாய்: "அம்மா கடைசியா என்னைப் பத்தி எதாவது கேட்டாளா?" சுற்றிலும் சையிதா அத்தையும் மற்றப் பெண்களும் நின்றார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன். துக்கத்தில் பேச்சு வரவில்லை என்று நினைத்து என்னை அணைத்துக்கொண்டாய். எனக்குப் பேச்சு வரும். அந்தக் கேள்விக்குப் பதில் எழுதுகிறேன்.

ஏழாம் தேதி வெள்ளிக்கிழமை நோன்பு திறக்கச் சற்று முன்னால் அம்மா சமையலறையில் சரிந்தாள். சூப் பாத்திரத்தைப் பிடித்தபடியே சரிந்ததால் கையும் வெந்துபோயிற்று. மருத்துவமனையில் மூக்கில் குழாய் வைத்தார்கள். கட்டிலுக்கு மேலே ஒரு திரை. துடிப்பு, மூச்சு, உடல் சூடு. மருத்துவர் என்னென்ன மாத்திரை என்று கேட்டார். அப்பா ஒன்று விடாமல் சொன்னார். கடைசியாக எப்போது சாப்பிட்டார் என்று கேட்டார். அப்பா அக்டோபர் என்றார். அந்த இளம் மருத்துவர் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார்.

மூன்றாம் நாள் அவளுக்குப் பேச்சு வந்தது. தாதி மாத்திரை கொண்டுவந்தபோது உதட்டை இறுக்கிக்கொண்டு, வீட்டிலிருந்து கஷாயம் கொண்டுவரச் சொல்லி என்னைப் பார்த்தாள். அப்போதுதான் அப்பா சொன்னார். கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு, அவளைப் பார்க்காமல், திரையிலிருந்த எண்களைப் பார்த்தபடி சொன்னார். இடது பலகை, வலது பலகை, வெந்நீர்ப் பை, நோட்டு. ஒன்றையும் மறைக்கவில்லை, குரலையும் உயர்த்தவில்லை. "நான்தான் செஞ்சேன். தெரியாம செஞ்சேன். தெரிஞ்ச பின்னால வாயை மூடிக்கிட்டு இருந்தேன்" என்றார்.

அம்மா கூரையைப் பார்த்தாள். அழுவாள் என்று நினைத்தேன்.

"அந்த எலிங்க பாவம். அவ்வளவு நேரமா குளிர்லயா கிடந்துச்சு?" என்றாள்.

அப்பா அழுதுவிட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் கேட்டாள்: "விதாத்துக்குத் தெரியுமா?"

அப்பா என்னைப் பார்த்தார். அவருக்குத் தெரியும், எனக்கும் தெரியும், நீ ஜனவரியிலேயே நான்கு நாள் உட்கார்ந்து ஒப்பிட்டுப் பார்த்தாய் என்று. அவர் வாயைத் திறந்தார். நான் முந்திக்கொண்டேன்.

"தெரியாதும்மா."

"நிஜமா?"

"நிஜமா தெரியாது."

அவள் முகம் இளகியது. என் விரலைப் பிடித்து, "அப்ப அவகிட்ட யாரும் சொல்லாதீங்க. தாங்க மாட்டா" என்றாள். பிறகு தாதியைக் கூப்பிடச் சொல்லி எல்லா மாத்திரைகளையும் ஒவ்வொன்றாக, தண்ணீர் கேட்டு வாங்கி, விழுங்கினாள். செவ்வாய் விடியும்போது போய்விட்டாள். இரண்டு நாள் மருந்தால் என்ன செய்ய முடியும் என்று மருத்துவர் அப்பாவிடம் சொன்னாராம்.

நீ வந்து அழுதாய். எல்லோரும் உன்னைத்தான் தாங்கிப் பிடித்தார்கள். அந்தப் பெண்கள், "உன் மருந்தைத்தான் கடைசிவரை குடிச்சா, மகராசி" என்று சொல்லிச் சொல்லி அழுதார்கள். நீ மறுத்து ஒன்றும் சொல்லவில்லை. சையிதா அத்தை வீட்டிலிருந்த கஷாயப் புட்டியை நான்தான் போய் வாங்கிக் கொட்டினேன்.

பெருநாள் விடுமுறை முடிந்ததும் அப்பா உன் பழைய பேராசிரியையிடம் ஒரு கடிதம் கொடுக்கப்போகிறார். நேற்று உட்கார்ந்து எழுதினார். அதை நான் பார்த்துத் தெளிவாக எழுதிக் கொடுத்தேன். எந்த எலி எந்தப் பலகையில் என்று நோட்டிலிருந்து எல்லாம் இருக்கிறது. அவர் வேலை போகும் என்று அவருக்குத் தெரியும். கீழே கையெழுத்துப் போட்டபோது, "விதாத்தைப் பத்தி இதுல ஒண்ணும் வேண்டாம்" என்றார். அதனால் துடிப்பு எண்ணை நீ பார்த்ததும் எண்பத்துநான்காம் பக்கமும் அதில் இல்லை. அதை எழுத வேண்டியவள் நீ. மே பதினொன்றுக்கு முன்னால் எழுதுவாயா, பின்னால் எழுதுவாயா, எழுதவே மாட்டாயா என்று நான் கேட்கப்போவதில்லை.

உன் ஜனவரிக் கடிதத்தை எரிக்கச் சொன்னாய். எரிக்கவில்லை. யாரிடமும் காட்டவும் இல்லை.

குஃப்ரானின் அம்மாவிடம் இனி என் பெயருக்கு வரும் கடிதங்களைத் திருப்பி அனுப்பிவிடச் சொல்லியிருக்கிறேன். அம்மாவிடம் உனக்காக ஒரு பொய் சொன்னேன். அந்தப் பேராசிரியை என்னைக் கூப்பிட்டுக் கேட்டால் இன்னொன்று சொல்ல மாட்டேன்.

சுந்துஸ்